கேட்டவர்

அவர் எதையும் தட்டிப் பார்க்காமல் கையில் எடுக்க மாட்டார். டீக்கடையில் கிளாஸை நீட்டினால் முதலில் அதன் விளிம்பில் நகத்தால் ஒரு தட்டு. தேங்காயைத் தட்டிப் பார்க்காதவர் யார்? அவர் செங்கல்லைத் தட்டுவார், அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவார், யாரோ புதிதாக வாங்கிவந்த சைக்கிளின் மட்கார்டைத் தட்டுவார். தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு நொடிதான். பிறகு "ம்" என்பார். சைக்கிள் வாங்கியவர் அந்த "ம்" நல்ல "ம்"மா கெட்ட "ம்"மா என்று தெரியாமல் வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே போவார்.

விருத்தாசலத்தில் என் அப்பா வேலை பார்த்த பீங்கான் கம்பெனியில் அவருக்கு வேலையே அதுதான். கரண்டு கம்பத்தில் மாட்டுகிற இன்சுலேட்டர்கள் சூளையிலிருந்து இறங்கி ஆறியதும் அவர் முன்னால் வரிசையாக வைப்பார்கள். சின்ன மரக்கட்டையால் ஒவ்வொன்றையும் தட்டுவார். நல்ல பீங்கான் கிண்ணென்று சொல்லும். உள்ளே கீறல் விட்டிருந்தால் சத்தம் பாதியிலேயே செத்துப்போகும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் வெள்ளை வெளேரென்று இருக்கும். எனக்கு இரண்டும் ஒரே சத்தமாகத்தான் கேட்டது.

அப்பா சூளையில் சாமான் அடுக்குகிறவர். லீவு நாளில் அவருக்குச் சோறு கொண்டுபோகும்போது, அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை நான் இந்த மனிதரை வேடிக்கை பார்ப்பேன். ஒருநாள் விளையாட்டுக்காக அப்பா, அவர் காலையில் தள்ளிவிட்ட ஒன்றை எடுத்து மதியம் வந்த வரிசையின் நடுவில் வைத்துவிட்டார். அவர் தட்டிக்கொண்டே வந்தார். அதைத் தட்டினார். கண்ணைத் திறக்காமலே, "இது காலையிலேயே எங்கிட்ட வந்துச்சு. எதுக்கு திரும்ப அனுப்புறீங்க?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

ஊரிலிருந்த பீங்கான் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள் சேர்ந்து ஒரு சகோதர சங்கம் வைத்திருந்தார்கள். எந்தக் கட்சியும் இல்லை, கொடியும் இல்லை. உறுப்பினர் ஒருவர் இறந்தாலோ படுக்கையில் விழுந்தாலோ அவர் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் வரை சங்கம் பார்த்துக்கொள்ளும். யூனிஃபார்ம், ஃபீஸ், பஸ் பாஸ் எல்லாம் சங்கத்துப் பொறுப்பு. அப்பா இல்லாத பிள்ளைக்கு ஸ்கூலில் கையெழுத்துப் போடக்கூட சங்கத்து ஆள்தான் போவார். அந்த ஆள் இவர். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை இல்லை. கேட்டு வாங்கிக்கொண்ட பொறுப்பு அது.

முதலில் நடந்தது கம்மாபுரத்திலிருந்து வண்டியில் வேலைக்கு வந்துகொண்டிருந்த ஒருவருக்கு. கபடி ஆடுகிற உடம்பு. ஆடி மாதம், டீ நேரத்தில் இவர் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "புள்ளைங்க என்ன படிக்குது?" என்று கேட்டார்.

"பெரியவன் எட்டுண்ணே. சின்னது அஞ்சாவது."

"எந்த ஸ்கூலு? டீச்சரு யாரு?"

அவரும் சொன்னார். இவர் கேட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். ஐப்பசியில் அந்த மனிதர் இருமத் தொடங்கினார். மார்கழியில் படுத்தார். தையில் இறந்துபோனார். துக்கம் விசாரிக்கப் போனவர்கள் பார்த்தால், ஸ்கூலில் பேச வேண்டியதையெல்லாம் சங்கம் முன்னமே பேசி முடித்திருந்தது. ஒரு நாள்கூட அந்தப் பிள்ளைகளின் படிப்பு நிற்கவில்லை. "சரியான நேரத்துல வந்து நின்னாரு" என்று எல்லோரும் அவரைப் புகழ்ந்தார்கள்.

இரண்டாவது ஆளிடம் ஒரு கல்யாணப் பந்தியில் கேட்டார், பக்கத்து இலையில் உட்கார்ந்துகொண்டு. அவரும் ஆறு மாதத்தில் போனார்.

அப்பா அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார். "மண்ணுத் தூசி வருசக்கணக்கா நெஞ்சுக்குள்ள போவுது. மூச்சு விடறதுல அது தெரியாதா? அவரு காது பழகுன காது. இதுல பேயும் இல்ல பிசாசும் இல்ல."

அம்மாவும் சரி என்று கேட்டுக்கொண்டாள். மூன்றாவது ஆள் வரும் வரைக்கும். அந்த ஆளிடம் இவர் பிள்ளைகளைப் பற்றிக் கேட்ட இருபதாம் நாள், சேத்தியாத்தோப்பு முக்கூட்டில் ரோடு தாண்டும்போது லாரி அடித்துவிட்டது.

"லாரி வர்றதுகூட மூச்சுல தெரியுமா?" என்று அம்மா கேட்டாள். அப்பா, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார்.

அதற்கப்புறம் யாரும் அவரைப் புகழவில்லை. அவர் டீக்கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். இருமல் வந்தவர்கள் துண்டை வாயில் அழுத்திக்கொண்டு வெளியே போவார்கள். மூன்று பெண் பிள்ளைகள் உள்ள ஒருவர், அவர் கிட்டத்தில் வருவதைப் பார்த்ததுமே எழுந்து நின்று, "எனக்குப் புள்ளைங்களே இல்லண்ணே" என்று கும்பிட்டார். எங்கள் தெருவில் அவர் நடந்து வந்தால் பெண்கள் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்துவார்கள். அவர் யாரையும் திரும்பிப் பார்க்க மாட்டார். தலையைக் கொஞ்சம் இடது பக்கம் சாய்த்தபடி, யாரோ பக்கத்தில் நடந்து பேசிக்கொண்டு வருவது போலப் போவார்.

எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்து மணி இருக்கும். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அப்பா கண்ணாடியை ஜன்னல் கம்பியில் மாட்டி ஷேவ் செய்துகொண்டிருந்தார். அம்மா குழாயடியிலிருந்து இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து இறக்கி வைத்த நேரம். வாசலில் நிழல் விழுந்தது. யாரென்று பார்ப்பதற்கு முன்பே அப்பாவும் அம்மாவும் ஒரே நேரத்தில், "வாங்க, வாங்க" என்றார்கள்.

அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். கண் மூடியிருந்தது. கம்பெனியில் பீங்கானைத் தட்டிவிட்டு நிற்பாரே, அதே மாதிரி. தட்டத்தான் இல்லை.

பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தார். சங்கத்துக் கூட்டம் எப்போது என்று சொல்லத்தான் வந்ததாகச் சொன்னார். அதைச் சொன்னார். எழுந்திருக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா என்ன படிக்குது?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவின் கையில் அவருக்குக் கொடுக்க மோந்த தண்ணீர் சொம்பு இருந்தது. அதை நீட்டாமல் அப்படியே கீழே வைத்தாள்.

"எந்திரிங்கண்ணே."

"யம்மா, நான் ஒண்ணும்..."

"எந்திரிச்சுப் போங்க. எங்க வூட்டுல அந்தக் கேள்வி வாணாம். அவ படிப்பா. அவங்கப்பா படிக்க வைப்பாரு. நீங்க போங்க!"

அப்பா பாதி முகத்தில் சோப்போடு சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவரிடம், "என்னண்ணே, எனக்கு என்னா?" என்று கேட்டார். இவர் தலையை நிமிர்த்தாமல், "நாளைக்கே கடலூரு போயி நெஞ்சப் படம் எடுத்துடு தம்பி. தள்ளிப் போடாத" என்றார்.

அம்மா தள்ளிப்போடவில்லை. மறுநாள் அப்பாவை இழுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் கடலூர் போனாள். எக்ஸ்ரே, இ.சி.ஜி, ரத்தம், சளி எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் நன்றாக இருந்தது. வயதுக்கு மீறிய நல்ல நெஞ்சு என்று டாக்டர் சொன்னாராம். அன்று சாயங்காலம் அம்மா கேசரி கிண்டித் தெருவுக்கே கொடுத்தாள். ஒரு கிண்ணத்தை என்னிடம் தந்து, "அவரு வூட்டுல போயிக் குடு. டாக்டரு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாருன்னு நல்லா சத்தமா சொல்லிட்டு வா" என்றாள்.

போய்ச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் கிண்ணத்தை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"எல்லாம் பாத்தாங்களா?"

"எல்லாம் பாத்துட்டாங்க மாமா."

"ரெண்டு நெஞ்சும்?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் என்ன கேட்டார் என்று அவருக்கே புரியாதது போலத்தான் முகம் இருந்தது. கையை ஆட்டி, "ஒண்ணுமில்ல, போ" என்று அனுப்பிவிட்டார். நெஞ்சின் இரண்டு பக்கத்தையும் கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்று இன்றைக்கும் நினைப்பதுண்டு.

அந்த வாரம் முழுவதும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர் எங்கள் வீட்டுக்கு எதிரே வந்து நின்றார். எதிர் வீட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு, வெயிலில், கண்ணை மூடியபடி. சூளையிலிருந்து வரும் வெள்ளைத் தூசி அவர் தலையிலும் புருவத்திலும் படிந்திருக்கும். அப்பா வேலைக்குப் போயிருப்பார். நான் ஸ்கூலில் இருப்பேன். வீட்டில் அம்மா மட்டும்தான். அம்மாதான் சாயங்காலம் சொல்லுவாள். "இன்னிக்கும் வந்து நின்னாரு. அதான் நல்லா இருக்காருன்னு சொல்லியாச்சே. இன்னும் எதக் கேட்டுக்கிட்டு நிக்கிறாரு?" ஆறாம் நாள் அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டாள். ஏழாம் நாள் அவர் வரவில்லை.

நான்கு மாதம் கழித்து நல்லூருக்கு ஒரு சீமந்தத்துக்குப் போன அம்மா, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. தூங்குகிறாள் என்று கண்டக்டர் இரண்டு முறை கூப்பிட்டாராம். சின்ன வயதில் எப்போதோ வந்த காய்ச்சலில் இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருந்தது என்று பிறகு சொன்னார்கள். அம்மாவுக்கு மூச்சு வாங்கும். தண்ணீர்க் குடம் தூக்கினால் யாருக்குத்தான் வாங்காது என்று இருந்துவிட்டோம்.

அவர் சாவுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. தெருக்கோடியில் இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன்.

அப்பா அதற்கப்புறம் வேலைக்குப் போகவில்லை. குடிக்கவும் இல்லை, அழவும் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சோறு போட்டால் சாப்பிடுவார். திருப்பூரிலிருந்து அத்தை வந்தாள். என்னைக் கூட்டிக்கொண்டுபோய் பனியன் கம்பெனியில் சேர்ப்பது என்று பேசி முடித்தார்கள். என் துணிகளை ஒரு கட்டைப்பையில் எடுத்து வைத்தும் ஆகிவிட்டது. அப்போதுதான் சங்கத்திலிருந்து அப்பாவையும் என்னையும் கூட்டத்துக்கு வரச் சொல்லி ஆள் வந்தது.

கூட்டம் ஒரு ஸ்கூல் ஹாலில் நடந்தது. முப்பது, நாற்பது பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவும் நானும் கடைசி பெஞ்சு. பீங்கான் தட்டுகிற அவர் எழுந்து, இந்தப் பிள்ளையைச் சங்கம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்.

தலைவர் தன்மையாகத்தான் பேசினார். "உறுப்பினரு உசுரோட இருக்காரு. உடம்புக்கும் ஒண்ணும் இல்ல. கடலூர்லயே சொல்லிட்டாங்க. வூட்டுக்கார அம்மா போனதுக்கு ரூல்ல இடம் இல்லீங்களே."

"ரூலு எழுதுனவங்க ஆம்பளைதான் சாவான்னு நெனச்சுட்டாங்க" என்றார் இவர். "நானும் அப்படித்தான் நெனச்சேன். அன்னிக்கு அந்த வூட்டு வாசல்ல ரெண்டு குரலும் ஒண்ணா வந்துச்சு. அதுல ஒண்ணு கீறல் விட்ட குரலு. சங்கத்துல இருக்கிறவன் அவந்தானே, அவனாத்தான் இருக்கும்னு அவன ஆஸ்பத்திரிக்கு அனுப்புனேன். ஒரு வாரம் வெயில்ல நின்னு கேட்டும் அந்தப் பொம்பளைய கூப்புட்டுச் சொல்ல எனக்கு வாய் வரல. ஏற்கெனவே தொரத்திவிட்டவங்க, திரும்ப எப்படிச் சொல்றதுன்னு. இது என் மேல இருக்குது."

யாரோ முன் பெஞ்சிலிருந்து, "அதுக்கு சங்கம் என்னா பண்ணும்? நீ போனாத்தான் சாவே வருது" என்றார்.

அவர் கோபப்படவில்லை. "எங்கப்பா சூளையில வுழுந்து செத்தாரு. நான் ஆறாவது படிச்சேன். சங்கம் எங்க வூட்டுக்கு வர்றதுக்கு ஒரு வருசம் ஆயிடுச்சு. அதுக்குள்ள எந்தங்கச்சிய யாரோ வூட்டு வேலைக்குன்னு கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. எட்டு வயசு. எந்த ஊருன்னு எங்கம்மாவுக்கும் சொல்லத் தெரியல. இன்னிக்கு வரைக்கும் தெரியல. முன்னாடியே வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா போயிருப்பாளா? அதனால கேக்குறேன். கேக்குறதுக்கு நான் ஆசப்படல. காதுல வுழுவுது."

சொல்லிவிட்டு நின்றார். பிறகு, வேண்டுமென்று செய்தாரோ வழக்கமாகச் செய்தாரோ, கண்ணை மூடிக்கொண்டு தலையை இடது பக்கம் சாய்த்தார்.

அந்த ஹாலில் அடுத்து நடந்ததை நான் யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை. எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். பெரிய பெரிய ஆம்பிளைகள், சூளை நெருப்புக்கு அஞ்சாதவர்கள், கன்னம் உப்ப அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெஞ்சு கிறீச்சிடவில்லை. மேலே ஃபேன் சுற்றுவது மட்டும் கேட்டது. தலைவர் வாயைத் திறக்காமல் கையைத் தூக்கினார். பக்கத்தில் இருந்தவர் தூக்கினார். ஒவ்வொன்றாக எல்லாக் கையும் மேலே போனது. அப்பா செத்தாலும் அம்மா செத்தாலும் பிள்ளை சங்கத்துப் பிள்ளை என்ற தீர்மானம் ஒருவரும் ஒரு வார்த்தை பேசாமல் நிறைவேறியது. அப்பா அப்போதுதான் அழுதார். அவர் அழுத சத்தம்தான் அந்த ஹாலில் முதலில் கேட்டது.

அத்தை திருப்பூருக்குத் தனியாகப் போனாள்.

மறுவாரத்திலிருந்து அவர் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளத் தொடங்கினார். கம்பெனியில் தட்டும்போது மட்டும் எடுப்பார். வெளியே வரும்போது திரும்ப வைத்துவிடுவார். என் ஸ்கூலுக்கும் பஞ்சோடுதான் வந்தார். ரிப்போர்ட்டு கார்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போவார். டீச்சர்கள் அவரைக் காது கேளாதவர் என்று நினைத்துக் கையால் ஜாடை காட்டினார்கள். நான் பன்னிரண்டு முடிக்கும் வரை என்னோடு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, என்னைப் பேச விடவும் இல்லை.

அவர் யாரிடமும் எதுவும் கேட்பதை நிறுத்திய பிறகும் சாவு வந்துகொண்டுதான் இருந்தது. பீங்கானுக்குப் பளபளப்புக் கிளேஸ் பூச்சு அடிக்கிற ஒருவர் திடீரென்று இறந்தபோது அவர் மனைவி, இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு நேரே இவர் வீட்டு வாசலுக்கு வந்தாள். "எங்க வூட்டுக்கு ஏன் வரல? எல்லார் வூட்டுக்கும் போனீங்களே, எனக்கு மட்டும் ஏன் சொல்லல?" என்று மண்ணை வாரி வீசினாள். அவர் பஞ்சை எடுக்காமலே நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். மறுநாள் அந்தப் பிள்ளைகளின் ஸ்கூலுக்குப் போனார்.

நான் நர்சிங் படித்து பாண்டிச்சேரியில் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணமும் அங்கேயே. அப்பா இன்னும் விருத்தாசலத்தில்தான் இருக்கிறார், நன்றாக இருக்கிறார். இந்தப் பொங்கலுக்குப் போனபோது, மகளைத் தூக்கிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். வேலையை விட்டுப் பல வருடம் ஆகிறது என்றார்கள். அவர் வீட்டு வாசல் படலுக்கு வெளியே நின்று, "மாமா" என்று கூப்பிட்டேன்.

வெளியே வந்தார். மெலிந்துபோயிருந்தார். என்னைப் பார்த்தார், இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்தார். அவசரமாகச் சட்டைப் பையில் கையை விட்டுப் பஞ்சை எடுத்து இரண்டு காதிலும் திணித்துக்கொண்டார். நான் வாயைத் திறந்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். சிரித்தார். என் வாழ்நாளில் அவர் சிரித்துப் பார்த்தது அன்றைக்குத்தான். வீட்டுப் பக்கத்துக் கொய்யாவில் ஒரு பழம் பறித்து என் மகள் கையில் கொடுத்து, அவள் தலையில் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தார். நன்றி சொல்ல வேண்டும் என்று வருடக்கணக்காக நினைத்து வைத்திருந்தேன். கும்பிட்டுவிட்டு வந்தேன்.

"என்ன சொன்னார்?" என்று என் கணவர் கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல."

பஸ் நெய்வேலி தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கூப்பிட்டபோது அவர் காதில் பஞ்சு இல்லை.

பாண்டிச்சேரி வந்ததும் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே எல்லா டெஸ்ட்டும் எடுத்தேன். எக்கோவும் பார்த்தாயிற்று. ஒன்றும் இல்லை என்று டாக்டர் சிரித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் விருத்தாசலம் போனேன். சங்கம் வளர்த்த பிள்ளைகளும் இப்போது அதில் சேரலாம். சேர்ந்தேன். நன்றிக்காக என்று கணவரிடம் சொன்னேன். படிவத்தில் பிள்ளைகளின் விவரம் கேட்ட இடத்தில் மகளின் பெயரை எழுதினேன். எழுத்து சரியாகத் தெரிய வேண்டுமே என்று, அதன் மேலேயே இன்னொரு முறை அழுத்தி எழுதினேன்.